தாத்தாவின் ஜீப்: நிறுத்தி வைப்பதா, ஓட வைப்பதா, பிரித்துக் கட்டுவதா, எஞ்சினை மாற்றுவதா?

தாத்தா விட்டுப்போன ஜீப்பை என்ன செய்வது என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், முதல் சண்டை நிறத்தைப் பற்றித்தான் வரும். அண்ணனுக்கு ராணுவப் பச்சை வேண்டும். தம்பிக்கு அந்தக் காலத்து வெளிர்மஞ்சள்தான் வேண்டும். நிறம் கடைசி வேலை. அதற்கு முன் முடிவாக வேண்டியது, அந்த வண்டி இனி எதற்காக வீட்டில் நிற்கப்போகிறது என்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் வரை போய்வரவா, பழைய வண்டிகளின் அணிவகுப்பில் நிறுத்தவா, மணலிலும் மேட்டிலும் ஏற்றி இறக்கவா? இதைச் சொல்லாமல் சாவியை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால், அவர்களுக்குக் கைவந்த வேலையைத்தான் அவர்கள் செய்வார்கள். அது பெரும்பாலும் டீசல் எஞ்சின், அகல டயர், பளபள பெயிண்டு.

கணக்குக்கு மகிந்திராவின் சி.ஜே. 3பி-யை எடுத்துக்கொள்வோம். வில்லிஸ் நிறுவனம் அமெரிக்காவில் இதை 1953 முதல் 1968 வரை செய்தது. அங்கே நின்ற பிறகும் மகிந்திரா இங்கே பல ஆண்டுகள் செய்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பது 134 கன அங்குல, அதாவது 2,199 சி.சி. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். அதனால் எஞ்சினின் உயரம் கூடியது. அதை மூட பானட்டையும் உயர்த்தினார்கள். மூன்று கியர் டி-90 கியர்பாக்ஸ், இழுவையை முன் பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத்தரும் ஸ்பைசர் 18 ட்ரான்ஸ்ஃபர் கேஸ், 5.38 ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 சுற்றுச் சுற்றும்), 6.00-16 டயர். இந்தக் கடைசி இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். எஞ்சின் மாற்றும் பேச்சு வரும்போது குறுக்கே நிற்பவை இவைதான். ராணுவத்திலிருந்து வந்த ஜோங்கா, மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கும் முடிவெடுக்கும் முறை இதுவே. உதிரி கிடைப்பதில்தான் வித்தியாசம்.

ஆர்.சி. முதலில், சேஸிஸ் அடுத்து

எந்த வழியில் போவது என்பதைப் பாதி தீர்மானிப்பது ஆர்.சி. புக், அதாவது பதிவுச் சான்று. மீதியைத் தீர்மானிப்பது சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். அதில் உள்ள எஞ்சின் எண், சேஸிஸ் எண், எரிபொருள் மூன்றும் வண்டியோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டு, ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே விட்டுவிட்ட ஜீப்புகள் ஏராளம். சேஸிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் கம்பி பிரஷ்ஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து எழும்பும். அந்த இடத்தில் கிரைண்டர் மட்டும் வைக்கவே கூடாது. எண்ணைத் தேய்த்து அழித்த வண்டி என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சந்தேகம் வந்துவிட்டால், மற்ற எல்லா வேலையும் வீண்.

அடுத்தது பெயர். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் இவை வேண்டும். காலம் கடந்துபோயிருந்தால் அபராதத்தோடு முடியும். ஆனால் இதைச் செலவுக்கு முன் முடியுங்கள். ஒருவர் லட்சக்கணக்கில் போட்டுக் கட்டிய வண்டி இறந்தவர் பெயரிலேயே இருந்தால், நாளை அத்தை வந்து பங்கு கேட்பதில் சட்டப்படி தப்பில்லை.

பதிவு 15 ஆண்டில் முடிந்து, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

இன்னொரு பாதையும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கெனத் தனிப் பகுதி சேர்ந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டி, அசல் நிலையில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சான்று 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து எண் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் விண்டேஜாகப் பதிந்த வண்டியை வழக்கமாகச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. ஆகவே வாராவாரம் ஓட்ட நினைப்பவருக்குச் சாதாரணப் புதுப்பிப்பே பொருத்தம். 1976-இல் பதிவான ஜீப் 2026-இல் இந்த வரம்பைத் தொடுகிறது. 1985-இல் வந்த முதல் ஜிப்ஸிகள் 2035 வரை பொறுத்திருக்க வேண்டும்.

சேஸிஸைப் பார்க்க லிஃப்ட் தேவையில்லை. ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு தூக்குக்குண்டு போதும். முன் ஸ்பிரிங் பட்டை மாட்டும் கொம்பு, பின் குறுக்குச் சட்டம், ஷாக்கிள் ஹேங்கர் ரிவிட்டுகள், பாடி மௌண்ட் ஆகிய இடங்களில் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருத்தூள் நிறைந்த பெட்டிச் சட்டம் சத்தத்தை விழுங்கும். பிறகு நான்கு ஸ்பிரிங் ஹேங்கர்களிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸ் குறி போட்டு, வண்டியைத் தள்ளிவிட்டு, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவுகளுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டம் கோணியிருக்கிறது. அந்த வண்டிக்கு மேலே எவ்வளவு அழகாகப் பெயிண்டு அடித்தாலும் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கும்.

நிறுத்தி வைப்பது

பணமோ ஆளோ இப்போது இல்லை, ஆனால் விற்கவும் மனமில்லை என்பவர்களுக்கான வழி. அசல் பெயிண்டு மிச்சமிருந்தால், பக்கத்தில் எஸ்டேட் பெயர் கையால் எழுதியது தெரிந்தால், இது மரியாதையான வழியும்கூட. சேற்றைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, பெட்ரோலை வடித்து, பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு, கைப்பிடி போட்டு இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து டயரைத் தரையிலிருந்து விடுவிக்க வேண்டும். மாதம் ஒருமுறை எஞ்சினைக் கையால் சுற்றுங்கள், கிளட்சை மிதித்து விடுங்கள். இல்லையென்றால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

இது திருவண்ணாமலையில் நடக்கும், திருவான்மியூரில் நடக்காது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில், மூடிய கொட்டகை இல்லாமல் நிறுத்தி வைப்பது மெதுவாக எடைக்குப் போடுவதுதான். பிளாஸ்டிக் தார்ப்பாய் இன்னும் மோசம்: பகலில் உள்ளே வேர்த்து, இரவில் அந்த ஈரம் தகரத்தில் படியும். காற்று போகும் துணி உறை, தரையில் சிமெண்டு, சுற்றிலும் காற்றோட்டம் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போடலாம்.

ஓட வைப்பது

சேஸிஸ் நேராகவும் காகிதம் சுத்தமாகவும் இருந்தால், பெரும்பாலான சென்னைக் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். இயந்திரத்தை முழுதாகச் சரிசெய்வது, பாடியில் ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் அடைப்பது, பெயிண்டை அப்புறம் பார்த்துக்கொள்வது. வண்டி ஓடத் தொடங்கியபின் வீட்டில் எல்லாருக்கும் அதில் ஆசை வரும். பணமும் பின்னாலேயே வரும். பிரித்துப் போட்ட வண்டியின் மேல் ஆறே மாதத்தில் வெறுப்புதான் வரும்.

வரிசை முக்கியம்: பிரேக், ஸ்டியரிங், எரிபொருள், குளிர்ச்சி, இக்னிஷன், கடைசியில் எஞ்சின். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பிரேக் நான்கும் 9 அங்குல டிரம், ஒரே சர்க்யூட். எங்கே ஒழுகினாலும் நான்கும் போகும். மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைத் தகரத்துக்குக் கீழே இருப்பதால் அதைத் திறந்து பார்க்க யாரும் குனிவதில்லை. வீல் சிலிண்டரின் உட்புறம் குழி விழுந்திருந்தால் ரப்பர் கப் மட்டும் மாற்றிப் பயனில்லை; பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடுங்கள், அல்லது சிலிண்டரையே மாற்றுங்கள். ஸ்டீல் பைப் முழுவதையும் புதிதாக ஓட்டுங்கள். இங்கே அடிக்கடி ஏமாற்றும் உதிரி ஒன்று உண்டு: பிரேக் ஹோஸ். வெளியே புதிதுபோல இருக்கும், உள்ளே ரப்பர் உப்பி வழி அடைத்திருக்கும். மிதிக்கும்போது அழுத்தம் போகும், விட்டால் ஆயில் திரும்பாது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடி டிரம் சூடாகும். மெக்கானிக் ஷூவைத் தளர்த்திவிட்டு அனுப்புவார், இரண்டு நாளில் மறுபடி பிடிக்கும். எல்லா ஹோஸ்களையும் கேள்வி கேட்காமல் மாற்றுவதே மலிவு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால், நம் ஊர் காற்றுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் போடுவது மட்டும் நாங்கள் ஒப்புக்கொள்ளும் மாற்றம். வெளியே தெரியாது, உயிர் காக்கும். போட்ட பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆய்வில் ஒளிக்காமல் காட்டுங்கள்.

ஸ்டியரிங்கில் பெரிய புகார், 50 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று ஆடத் தொடங்குவது. டேம்பர் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்வார்கள். அது நோயை மூடும், தீர்க்காது. முன் குறுக்குச் சட்டத்தில் உள்ள பெல்கிராங்கின் பின்னும் புஷ்ஷும், டை ராட் முனைகள், கிங்பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங்குகள் என்ற வரிசையில் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வருகிற ஆட்டம் வீல் பேரிங்கிலா கிங்பின்னிலா என்று, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டால் தெரிந்துவிடும்: மிதித்தும் ஆடினால் கிங்பின். அதன் ஷிம்களை, அதாவது மெல்லிய இடைத்தகடுகளை, குறைத்து இறுக்க வேண்டும். ஆயில் சீல் இல்லாமல், கிங்பின்னில் திரும்பும் நக்கிளின் கையைத் திருப்ப ஸ்பிரிங் தராசில் 12 முதல் 16 பவுண்டு இழுவை வந்தால் சரி. டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கத்தில் உள்நோக்கி நெருங்கும் அளவு, 1 முதல் 2.5 மி.மீ. வரை.

எரிபொருளில் நம் தலைமுறைக்கு வந்த புதுச் சிக்கல் 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்பரேட்டர் கேஸ்கெட் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர் உப்பும், பிசுபிசுக்கும். டேங்கில் தங்கிய பெட்ரோல் ஈரத்தை இழுத்து, ஓரளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். அந்தக் கலவை துத்தநாகக் கலப்பில் வார்த்த கார்பரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். வைட்டான் வகை ஹோஸ், எத்தனாலுக்கு ஏற்ற டயாஃப்ரம், ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் ஆகியவை தீர்வு. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் கார்பரேட்டரை வற்றவிட்டு நிறுத்துங்கள். மே மாத மதியத்தில் அண்ணா சாலை சிக்னலில் நின்று நின்று போனால் பெட்ரோல் பைப்பில் ஆவி கட்டி எஞ்சின் அணையும். பைப்பை மேனிஃபோல்டிலிருந்து தள்ளி ஓட்டி, நடுவே தகரத் தடுப்பும் கார்பரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடித்த ஸ்பேசரும் வைத்தால் பெரும்பாலும் தீரும்.

சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். உண்மைக் காரணம் அநேகமாக ரேடியேட்டர் கோரிலும், பிளாக்கின் பின்கோடியில் நான்காவது சிலிண்டரைச் சுற்றிப் படிந்த சேற்றிலும் இருக்கும். குழாய்த் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஊற்றியே ஐம்பது வருடம் ஓடிய எஞ்சின் அது. பிளாக்கின் பக்கத்திலுள்ள கோர் பிளக் மூடியைத் தட்டி எடுத்து, வளைத்த கம்பியால் சுரண்டி, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினால், வெளியே வரும் செம்மண் குழம்பைப் பார்த்த பிறகு ரேடியேட்டர் கடைக்காரரைத் திட்டத் தோன்றாது. திரும்ப நிரப்பும்போது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும்.

இக்னிஷனுக்கு அளவுகள்: பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030, டைமிங் பிஸ்டனின் மேல்முனைக்கு 5 டிகிரி முன்னால், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டேப்பெட், குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.018, எக்ஸாஸ்ட் 0.016. இப்போது விற்கும் கண்டென்சர்களில் பல வாங்கிய வாரமே போகின்றன. டேஷ்போர்டில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

இத்தனையும் முடித்தபின் கம்ப்ரஷன் பாருங்கள். நல்ல எஞ்சினில் 120 முதல் 130 பி.எஸ்.ஐ. வரும், நான்குக்குள்ளும் 10-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. சூடான பின் ஐடிலில் ஆயில் பிரஷர் 10-க்கும், 35 மைல் வேகத்தில் 35-க்கும் அருகில் நின்றால் பேரிங்குகள் இன்னும் உழைக்கும். அந்த எஞ்சினை இறக்காதீர்கள். இறக்கியே தீர வேண்டுமென்றால், அம்பத்தூர், பாடி பக்கம், சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் போட்டுத்தர ஆள் உண்டு. ஆனால் பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகுதான் பிளாக்கை அனுப்ப வேண்டும். ஸ்டாண்டர்டு துளை 79.4 மி.மீ.; 0.020, 0.030, 0.040 அங்குலம் கூடுதலான ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. கடைக்காரர் சொன்ன அளவை நம்பிப் போர் போட்டுவிட்டு, பிஸ்டனுக்காகப் புதுப்பேட்டையைச் சுற்றுபவர்கள் எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள். கிராங்கை 0.010 தேய்த்தால் போதுமென்றால் 0.020 தேய்க்க விடாதீர்கள். அடுத்த தலைமுறைக்கும் ஒரு தேய்ப்பு மிச்சம் வேண்டாமா? எக்ஸாஸ்ட் சீட் உள்ளிறங்கியிருந்தால் கடின வளையம் போடுங்கள். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதிலிருந்து அந்த இடத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டியிருப்பதால் ஆயில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். ஒன்றில் குறைந்து மற்றதில் வழிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டிலும் ஒரே ஆயில் ஊற்றி அளவைப் பாருங்கள். சாலைக் கடைகளில் எடுத்த எடுப்பில் தருவது ஜி.எல்.-5, அது பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும். கியர்பாக்ஸுக்கு 80டபிள்யூ-90 ஜி.எல்.-4 என்று கேட்டு வாங்குங்கள். கியர்பாக்ஸுக்கு ஒரு லிட்டர், ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்றரை, ஆக்ஸில் ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒன்றேகால் லிட்டர்.

பிரித்துக் கட்டுவது

சட்டம் உளுத்துப்போயிருந்தால் வேறு வழியில்லை. பாடியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். விண்டேஜ் பதிவும் கண்காட்சியும் நோக்கமென்றாலும் இதுவே. முடிந்த பின் கிடைக்கிற வண்டி எல்லாவற்றிலும் சிறந்தது, சந்தேகமில்லை. ஆனால் பாதியில் நின்றுபோகும் வண்டிகளும் இந்த வழியில்தான் அதிகம். பாடி, பெயிண்டுக்காரர் கையிலும், எஞ்சின் லேத்திலும், சின்னச் சாமான்கள் பத்து அட்டைப்பெட்டியிலும் கிடக்கும்போது பணம் தீர்ந்துவிடும். எதிர்பார்த்த செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

சேஸிஸை மணல் பிளாஸ்டிங் செய்யலாம். பாடித் தகரத்தைச் செய்யக் கூடாது. 18 கேஜ் தகரம், அதாவது 1.2 மி.மீ., அலையாக வளைந்துவிடும். பிளாஸ்டிங் முடிந்த அன்றே, சில மணி நேரத்துக்குள் எபாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். சென்னையில் இரவு முழுதும் வெறும் இரும்பு கிடந்தால் காலையில் பழுப்பு படர்ந்திருக்கும். அதனால் இந்த வேலைக்கு ஜனவரியிலிருந்து மே வரைதான் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெயிண்டு பக்கமே போகாதீர்கள். ஈரத்தில் அடித்த பெயிண்டு பார்க்க நன்றாக இருந்து, அடுத்த கோடையில் கொப்புளமாக எழும்பும். பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகு வகைத் துருத்தடுப்பைப் பீய்ச்சுவதும், அடியிலுள்ள வடிகால் துளைகளைத் திறந்து விடுவதும் வெளிப் பெயிண்டைவிட முக்கியம்.

பழைய தொட்டியை, அதாவது ஜீப்பின் தகரப் பாடியை, ஒட்டுப்போடுவதா, புதுத் தொட்டி வாங்குவதா? தரைத் தகரமும் பக்கவாட்டின் கீழ்ப்பகுதியும் மட்டும் போயிருந்தால் ஒட்டுப்போடுங்கள். புதுத் தகரத்தை விளிம்போடு விளிம்பாக வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள்; மேலே போட்டு ஒட்டினால் இரண்டு தகரத்துக்கு நடுவே தண்ணீர் தங்கும். டிங்கரிங் முடிந்ததும், பட்டி போடுவதற்கு முன் ஒருமுறை வெறும் தகரத்தைப் பார்த்துவிடுங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடி மேல் ஓட்டினால் பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிப்பு விட்டுவிடும். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகரமும் போயிருந்தால் புதுத் தொட்டிதான். அப்போதும் பழைய எண் தகட்டையும் டேஷ்போர்டையும் வெட்டி எறியாமல் மாற்றிப் பொருத்துங்கள்.

இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குல மரை. புது போல்ட் வாங்கப் போனால் மெட்ரிக்கைத் தலையில் கட்டுவார்கள், 10 மி.மீ. போல்ட் 3/8 அங்குலத் துளையில் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் மரையை அறுத்துக்கொண்டு போகும். பல சி.ஜே.க்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திருகு. பஞ்சர் கடையில் இதைச் சொல்லாவிட்டால் ஸ்டட் உடைந்து கையில் வரும்.

எஞ்சின் மாற்றுவது

டீசல் ஏற்றினால் மைலேஜ், இழுவை, உதிரி எல்லாம் எளிது என்பார்கள். இழுவை உண்மை. மற்றவற்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.25 மீட்டர் போகும். 5.38 விகிதத்தில், டாப் கியரில் 60 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் 2,400 சுற்று சுற்ற வேண்டும்; 80-க்கு 3,200. பழைய பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்று வரை போகும் என்பதால் சமாளிக்கும். 3,000-க்கே மூச்சு வாங்கும் டீசல் 75-இல் முனகும். அதைச் சரிக்கட்ட ஆக்ஸில் விகிதம், பிறகு ஐந்து கியர் பாக்ஸ், அதற்கு ஏற்ப ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வெட்டு, கூடிய எடைக்குத் தடித்த ஸ்பிரிங் பட்டை, அப்புறம் 9 அங்குல பிரேக் போதாது என்று டிஸ்க். கடைசியில் மிஞ்சுவது தாத்தாவின் நம்பர் பிளேட் மட்டும்.

சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே வகை எஞ்சினுக்கு மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாத எஞ்சினோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கைவிரிக்க அது ஒன்றே போதும். விண்டேஜ் பதிவின் கதவும் அதோடு மூடும்.

முன்பே டீசல் ஏறி, அது ஆர்.சி.யிலும் முறையாக ஏறியிருந்தால் கதை வேறு. அதை அப்படியே நன்றாக ஓட வையுங்கள். மீண்டும் பெட்ரோலுக்குத் திரும்புவது இன்னொரு முழுச் செலவு. காட்டிலும் மேட்டிலும் கடுமையாக ஓட்டத்தான் ஆசை என்பவர்கள் அதற்கு மகிந்திராவின் புது ‘தார்’ வண்டி ஒன்றை வாங்கிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது, ஜீப்புக்கும்.

யார் கையில் கொடுப்பது

ஒரே ஒர்க்‌ஷாப்பில் மொத்தமாகக் கொடுத்தால் அலைச்சல் இல்லை. ஆனால் உள்ளே என்ன போட்டார்கள் என்று தெரியாது. பஞ்சாப்-அரியானா எல்லையில் உள்ள மண்டி டப்வாலி போன்ற இடங்களுக்கு அனுப்புவோரும் உண்டு. அங்கே ஜீப் வேகமாகவும் மலிவாகவும் உருவாகும். ஆனால் அது மாற்றிக் கட்டும் ஊர், அசலைக் காக்கும் ஊர் அல்ல. எண்ணோடு பொருந்திய குடும்ப வண்டியை அங்கே அனுப்பவே கூடாது.

மூன்றாவது வழி, வீட்டில் ஒருவர் மேஸ்திரியாக நின்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது. பழைய உதிரிக்குப் புதுப்பேட்டை, புது உதிரிக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பேரிங்குக்கு லிங்கிச் செட்டித் தெரு என்று அலைய வேண்டும். பேரிங்கை ‘ஜீப் பேரிங்’ என்று கேட்காதீர்கள். அதன் விளிம்பில் பொறித்த எண்ணைத் துடைத்து எழுதிக்கொண்டு போனால் நல்ல கம்பெனிச் சரக்கே கிடைக்கும். ஆயில் சீலுக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து கேளுங்கள். கழற்றிய பழைய சாமானை, புதிது மாட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வரை எறியாதீர்கள். புதிதாக வரும் ரப்பர்களைவிடப் பழைய தேய்ந்த ரப்பரே சில நேரம் நீடிக்கும். சனிக்கிழமைகளை விட முடிந்தவருக்கு இந்த வழிதான் எங்கள் தேர்வு. முடியாதவர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பழைய உதிரியைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கலாம். சந்தேகம் தீர்க்க மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற இடங்களில் இருப்பவர்களிடம் பேசுவது, நாலு மெக்கானிக்கிடம் கேட்பதைவிடப் பலன் தரும்.

ஓடத் தொடங்கிய பிறகு

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நிறுத்திய இடத்திலேயே உறுமவிடுவது கெடுதல். எஞ்சின் சூடாகும் முன் அணைத்தால் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15 கி.மீ. ஓட்டுங்கள், நடுவில் மண் தரையில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டு நூறு மீட்டர் போங்கள். தார்ச் சாலையில் அதைப் போட்டுத் திரும்பினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் ஷாஃப்ட்டின் கிராஸ் இணைப்புகளும் முறுக்கிக்கொள்ளும். கிரீஸ் நிப்பிள்கள் ஒவ்வொன்றிலும் 1,500 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னும் பின்னும், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். எஞ்சின் ஆயில் ஓடிய தூரத்தைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறை. கடற்கரைச் சாலைக்குப் போய்வந்தால், அன்று மாலையே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

அடுக்ககத்தின் தரைத்தளத்தில் நிறுத்துவோருக்கு மழைதான் கவலை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற வண்டிகளில் பல, நீர் வடிந்ததும் சாவியைத் திருப்பியதால் கெட்டவை. வெள்ளம் ஆக்ஸில் மட்டத்தைத் தாண்டியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆக்ஸில், கியர்பாக்ஸ், எஞ்சின் எல்லா ஆயில்களையும் வடித்துப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். நான்கு டிரம்மையும் கழற்றிச் சேற்றை எடுத்து, வீல் பேரிங்கையும் முன் நக்கிளையும் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். நக்கிளை விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து வளைவில் கடகடவென்று சத்தம் வரும்.

வண்டியோடு ஒரு தடித்த நோட்டும் போக வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை ஓவர்சைஸ் போர் போட்டது, கிராங்க் எவ்வளவு தேய்த்தது, பேரிங் எண்கள், ஷிம் எத்தனை, பெயிண்டின் கலவை எண், எந்தக் கம்பி எந்த நிறம் என்று பேனாவால் எழுதி, ரசீதுகளை ஒட்டி வையுங்கள். ஆர்.சி.யில் நாமினியாக ஒருவரை நியமிக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. பெயர் மாற்றும்போதே அதையும் சேர்த்துவிடுங்கள். எந்தப் பிள்ளை கிரீஸ் கன்னைத் தயங்காமல் கையில் எடுக்கிறதோ, அந்தப் பெயரை.